தயிரில் வெள்ளரி சாலட்: நீர் விடாமல் கெட்டியாக வர என்ன செய்ய வேண்டும்?

மயோனைஸ், ஃப்ரெஷ் கிரீம் எதுவும் இல்லாமல் தயிரை மட்டும் வைத்து வெள்ளரிக்காய் சாலட் செய்கிறீர்கள். கலக்கும்போது கெட்டியாகத்தான் இருக்கிறது. அரை மணி நேரம் போனால் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கி, தயிர் மோராகிவிடுகிறது. எட்டுப் பேருக்கு மதிய விருந்து வருகிறது, அதற்குள் இதைச் சரிசெய்ய வழி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சரிசெய்யலாம். அதற்காகப் புதிதாக எதையும் வாங்கிச் சேர்க்க வேண்டாம். கலப்பதற்கு முன்பே காயிலிருந்தும் தயிரிலிருந்தும் தண்ணீரை வெளியேற்றிவிட்டால் போதும்.

100 கிராம் வெள்ளரிக்காயில் சுமார் 95 கிராம் தண்ணீர்தான். தயிரிலும் 85 கிராமுக்கு மேல் தண்ணீர். இந்த இரண்டையும் ஒரே கிண்ணத்தில் போட்டு மேலே உப்பைத் தூவினால், காயின் உள்ளே இருக்கும் நீர் உப்பைத் தேடி வெளியே வரும். பள்ளிக்கூடத்தில் சவ்வூடு பரவல் என்று படித்தது இதைத்தான். உப்பு போட்டால் இது நடந்தே தீரும், தடுக்க முடியாது. சாலட் கிண்ணத்தில் நடப்பதற்குப் பதிலாக அதற்கு முன்பே வடிதட்டில் நடக்கும்படி செய்துவிடலாம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

முதலில் காயைப் பார்ப்போம். நம் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் வெளிர் பச்சை நாட்டு வெள்ளரியில் மணம் அதிகம், விதையும் அதிகம். பிஞ்சாகப் பார்த்து வாங்கினால் அதைவிட நல்ல காய் இந்த சாலட்டுக்கு இல்லை. கையில் எடுத்தால் கெட்டியாக, விரல் நீளத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, நடுவில் உப்பாமல் இருக்க வேண்டும். வயிறு உப்பிய காயென்றால் உள்ளே விதை முற்றியிருக்கும். பெரிய கடைகளில் பிளாஸ்டிக் உறை சுற்றி வரும் கரும்பச்சை நீள வெள்ளரியில் விதை குறைவு, தோல் மெல்லிசு, கசப்பும் அநேகமாக இருக்காது. ஆனால் வாசனை கொஞ்சம் மட்டு. அவசரத்துக்கு அது வசதி, ருசிக்கு நாட்டுப் பிஞ்சு. மஞ்சளாக உருண்டையாக இருக்கும் சாம்பார் வெள்ளரியை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். அது வேகவைக்கும் காய். பச்சையாகக் கடித்தால் பல்லில் தட்டும், மணமும் வேறு.

கசப்பைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளரி, சுரை, பூசணி எல்லாம் ஒரே குடும்பம். குக்குர்பிடாசின் என்ற கசப்புப் பொருள் இந்தக் குடும்பச் செடிகளில் பூச்சியையும் ஆடுமாடுகளையும் விரட்டுவதற்காக உண்டாவது. வெள்ளரியில் அது பெரும்பாலும் காம்புப் பக்கத்திலும் தோலை ஒட்டியும் இருக்கும். செடிக்குத் தண்ணீர் போதாமல் போனால் கூடும். நுனியை வெட்டி அதே துண்டால் நுரை வரும்வரை தேய்க்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதைச் செய்வதில் தவறில்லை. ஆனால் கசப்பைக் குறைப்பது காம்புப் பக்கம் ஓர் அங்குலத்தை வெட்டி எறிவதும், தோலைச் சீவுவதும்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு காயிலிருந்தும் ஒரு மெல்லிய வில்லையைக் கடித்துப் பாருங்கள். அப்போதும் நாக்கு சுருங்கும்படி கசந்தால் அந்தக் காயை அப்படியே ஒதுக்கிவிடுங்கள். இதே கசப்புப் பொருள் மிகுந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து நம் நாட்டில் உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே தயிரும் சர்க்கரையும் போட்டுக் கசப்பை மறைத்து விருந்தில் வைக்கும் வேலை வேண்டாம். ஒரு கசப்புக் காய் கலந்தால் ஒரு கிலோ சாலட்டும் போய்விடும் என்பது இன்னொரு காரணம்.

தோலை முழுக்கச் சீவ வேண்டுமா என்றால், நாட்டு வெள்ளரிக்கு முழுக்கச் சீவுங்கள். மெல்லிய தோல் உள்ளதென்றால் ஒரு வரி விட்டு ஒரு வரி சீவினால் கடிக்கும்போது கொஞ்சம் பிடிமானம் இருக்கும், பார்க்கவும் அழகு. பிறகு காயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, டீஸ்பூனின் விளிம்பால் நடுவில் உள்ள விதையையும் வழவழப்பையும் ஒரே இழுப்பில் வழித்தெடுங்கள். சாலட்டைத் தண்ணீராக்குவதில் அந்த வழவழப்புக்கும் பங்கு உண்டு. பிஞ்சாக இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

நறுக்கும் அளவு முக்கியம். சாலட்டுக்கு 3 மில்லிமீட்டர் கனத்தில் பிறை வடிவத் துண்டுகள். அதைவிட மெல்லியதாகச் சீவினால் உப்பில் துவண்டுபோகும். தடிமனாக நறுக்கினால் நடுவில் உப்பு ஏறாது, நீரும் வெளியே வராமல் பின்னால் வந்து தொல்லை கொடுக்கும். துருவலாமா என்று பலர் கேட்பார்கள். தொட்டுக்கொள்ளும் பச்சடிக்குத் துருவலாம். கரண்டியால் அள்ளிச் சாப்பிடும் சாலட்டுக்குத் துருவினால் கடிப்பதற்கு ஒன்றும் இருக்காது. இன்னொரு விஷயம், வெள்ளரியின் அந்தக் குளிர்ந்த பச்சை வாசனை முழுக் காய்க்குள் தயாராக உட்கார்ந்திருப்பதில்லை. கத்தி பட்டுச் செல்கள் உடையும்போதுதான் காயிலுள்ள நொதிகள் வேலைசெய்து அதை உண்டாக்குகின்றன. அதனால் முந்தைய நாள் இரவே நறுக்கி வைப்பது சரிவராது. வாசனை எல்லாம் ஃப்ரிட்ஜுக்குப் போய்விடும்.

இப்போது உப்பு. ஒரு கிலோ வெள்ளரிக்கு 10 கிராம் உப்பு. பொடி உப்பாக இருந்தால் மட்டமான இரண்டு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. நறுக்கிய துண்டுகளில் தூவி, கையால் இரண்டு மூன்று முறை புரட்டி, வடிதட்டில் பரப்பி, கீழே ஒரு பாத்திரம் வைத்து 30 நிமிடம் விடுங்கள். மேலே ஒரு தட்டும் தட்டின் மேல் ஒரு சின்னச் சொம்புத் தண்ணீரும் வைத்தால் இன்னும் நன்றாக வடியும். அரை மணிக்குப் பிறகு கீழே தேங்கியிருப்பதைப் பார்த்தால், இத்தனை நாளும் உங்கள் தயிரை மோராக்கியது எது என்று தெரிந்துவிடும். அதன் பிறகும் துண்டுகளில் நீர் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு பிடியாக எடுத்து இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அழுத்துங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம், துண்டு உடையும். பிறகு ஒரு சுத்தமான பருத்தித் துணியில் பரப்பி ஒற்றி எடுங்கள். துணியில் ஒற்றுவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். இரண்டு நிமிட வேலை, விட்டுவிடாதீர்கள்.

உப்பு நீர் இறங்கிய துண்டு வளைந்து கொடுக்கும், ஆனால் கடித்தால் நறுக்கென்று இருக்கும். ஊறுகாய் போடத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பக்குவம் புரியும். ஒரு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். போட்ட உப்பில் ஒரு பகுதி நீரோடு போயிருக்கும், மீதி காயில் ஏறியிருக்கும். கரித்தால் மட்டும் குளிர்ந்த தண்ணீரில் ஒரு முறை அலசி, மறுபடி ஒற்றி எடுங்கள். எப்படியானாலும் தயிரில் தனியாக உப்புப் போடாதீர்கள். கலந்த பிறகு ருசி பார்த்துத் தேவையென்றால் ஒரு சிட்டிகை. வடிந்த நீரைக் கொட்ட வேண்டாம். உப்பும் வெள்ளரி மணமும் சேர்ந்த நீர் அது. சப்பாத்தி மாவு பிசையலாம், நீர்மோரில் கலக்கலாம். அதற்குத் தகுந்தபடி உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தயிர். வெற்றி தோல்வி இங்கேதான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பாலில் உள்ள கேசின் என்ற புரதம் பால் புளிக்கும்போது ஒன்றோடொன்று கைகோத்து வலை போலப் பின்னிக்கொள்கிறது. அந்த வலைக்குள் தண்ணீரும் கொழுப்பும் சிக்கி நிற்பதுதான் தயிர். கரண்டியால் ஓர் ஓரத்தில் வெட்டி எடுத்தால் சிறிது நேரத்தில் அந்தப் பள்ளத்தில் இளம்பச்சை கலந்த நீர் ஊறுகிறதே, அது வலை அறுந்த இடத்தில் கசிவது. பீட்டரால் அடித்தால் வலை முழுக்க அறுந்துபோகும். மிக்ஸியில் ஓட்டினால் சொல்லவே வேண்டாம், மோர்தான். கிரீமியாக வேண்டும் என்று நினைத்துத் தயிரை மிக்ஸியில் அடித்துவிட்டு, பிறகு ஏன் தண்ணீராயிற்று என்று தேடுகிறவர்கள் அதிகம். நீங்களும் அப்படிச் செய்கிறீர்களா என்று கேள்வியில் சொல்லவில்லை. செய்தால் முதலில் அதை நிறுத்துங்கள்.

வலையை உடைக்காமல் தண்ணீரை மட்டும் வெளியேற்ற, துணியில் கட்டித் தொங்கவிடுவதுதான் பழைய வழி, இன்றைக்கும் அதுவே சிறந்த வழி. ஒரு கிலோ தயிரை நனைத்துப் பிழிந்த மல் துணியிலோ பழைய வேட்டித் துணியிலோ ஊற்றி, வடிகட்டியில் வைத்து, கீழே பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம் வையுங்கள். வெளியே தொங்கவிட்டால் நம் வெயிலில் அந்த இரண்டு மணி நேரத்தில் புளித்துவிடும். அவசரப்பட்டுத் துணியை முறுக்கிப் பிழியாதீர்கள், தயிரே துணி வழியாக வெளியே வரும். இரண்டு மணி நேரத்தில் ஒரு கிலோ தயிர் ஏறக்குறைய 650 கிராமாக இறங்கும். கரண்டியில் எடுத்தால் குவிந்து நிற்கும், கவிழ்த்தால் மெல்ல நழுவும். அதுதான் சாலட்டுக்கு வேண்டிய பதம். இரவு முழுக்க விட்டால் பாலாடைக்கட்டி மாதிரி இறுகிவிடும். அப்படி ஆகிவிட்டால் வடிந்த நீரிலேயே இரண்டு மூன்று கரண்டி திரும்பச் சேர்த்து இளக்கிக்கொள்ளலாம். இப்படி வடித்த தயிரை மட்டும்தான் கடைய வேண்டும், அதுவும் கை விஸ்க்கால் அரை நிமிடம், கட்டி இல்லாமல் பளபளவென்று ஆகும்வரை. தண்ணீர் ஏற்கெனவே போய்விட்டதால் இப்போது வலை கொஞ்சம் அறுந்தாலும் தளராது.

எந்தப் பாலின் தயிர் என்பதும் கவனிக்க வேண்டியது. நம் நாட்டு உணவுத் தர விதிப்படி டோன்டு பாலில் 3 சதவீதம் கொழுப்பு, ஸ்டாண்டர்டைஸ்டு பாலில் 4.5, ஃபுல் கிரீம் பாலில் 6. ஆவினில் ஆரஞ்சு நிற பாக்கெட் இந்த 6 சதவீத வகை. சாலட்டுக்கு அந்தப் பாலில் தோய்த்த தயிர் அருமையாக இருக்கும். எருமைப்பால் கிடைத்தால் இன்னும் நல்லது. கொழுப்பு எதற்கு என்றால், தயிரின் புளிப்பு நாக்கில் சுள்ளென்று படாமல் தடுப்பது அது. வெள்ளரியின் மணமும் கொழுப்பில் கரையக்கூடியது, அதனால் வாயில் கூடுதல் நேரம் தங்கும். கொழுப்பு நீக்கிய தயிரை வடித்தால் கெட்டியாகும், ஆனால் சுண்ணாம்பு தின்றதுபோல் நாக்கில் ஒட்டும். மருத்துவர் சொன்னபடி கொழுப்பு குறைந்த தயிர்தான் வேண்டும் என்ற நிலையில், வடித்த பிறகு ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் சேர்த்துக் கடைந்துகொள்ளுங்கள். குறை ஓரளவு தீரும்.

வீட்டிலேயே தோய்ப்பதாக இருந்தால் பாலைப் பொங்கியதும் இறக்காமல், தீயைக் குறைத்து மேலும் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். நீர் வற்றுவது ஒரு பலன். பாலின் மோர்ப் புரதங்கள் சூட்டில் உருமாறிக் கேசினோடு ஒட்டிக்கொள்வது இன்னொரு பலன். அதனால்தான் நன்றாகக் காய்ச்சிய பாலில் தோய்ந்த தயிர் கெட்டியாக நிற்கிறது. விரல் பொறுக்கும் சூட்டில், அதாவது 40 டிகிரியை ஒட்டி, அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் புளிக்காத உறைமோர். மண் சட்டியில் தோய்த்தால் சட்டியே கொஞ்சம் நீரைக் குடித்துக்கொள்ளும். தோய்கிற வரை ஆட்டக் கூடாது. தோய்ந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்து நன்றாகக் குளிர்ந்த பிறகே வடிக்க வேண்டும். சூடு ஆறாத தயிர் துணியில் போட்டவுடன் உடைந்துவிடும்.

கடைத் தயிர் வாங்கினால் டப்பாவில் கொழுப்பின் அளவைப் பாருங்கள். கிரீக் யோகர்ட் என்று விற்பது பெரும்பாலும் ஏற்கெனவே வடிகட்டியதுதான். அதை வாங்கினால் துணி வேலை மிச்சம், விலை மட்டும் கூடுதல். சர்க்கரையோ வாசனையோ சேர்க்காததா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி எட்டுப் பேருக்கான அளவு. நறுக்கி வடித்த பிறகு 600, 650 கிராம் நிற்கும்படி ஒரு கிலோ வெள்ளரி. 650 கிராம் வடித்த தயிர், அதாவது ஒரு கிலோ தயிரை வடித்தது. சிறிய பூண்டுப் பல் ஒன்று, எலுமிச்சைச் சாறு இரண்டு டீஸ்பூன், நல்லெண்ணெய் அல்லது ஆலிவ் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, புதிதாக இடித்த மிளகு அரை டீஸ்பூன், சர்க்கரை ஒரு டீஸ்பூனில் பாதி, ஒரு கைப்பிடி புதினா இலை. சதகுப்பைக் கீரை கிடைத்தால் புதினாவுக்குப் பதிலாக அதையே போடுங்கள். வெள்ளரிக்கும் சதகுப்பைக்கும் உள்ள பொருத்தம் தனி. வெங்காயம் விரும்பினால் சின்னதாக ஒன்றை மெல்லிய சீவலாக அரிந்து, எலுமிச்சைச் சாற்றில் ஒரு பங்கை அதன் மேல் பிழிந்து தனியாக வைத்துப் பிறகு சேர்க்கலாம். நான் போடுவதில்லை. வெள்ளரியின் மணம் மென்மையானது, பச்சை வெங்காயம் அதை அமுக்கிவிடும்.

மயோனைஸ் வேண்டாம் என்று நீங்கள் எடுத்த முடிவும் அதே காரணத்தால் சரியானதே. கெட்டித்தன்மை வரும், ஆனால் கடைசியில் சாலட்டில் மயோனைஸ் ருசி மட்டுமே மிஞ்சும். வெள்ளரி அங்கே எண்ணிக்கைக்குத்தான். ஃப்ரெஷ் கிரீம் அவ்வளவு மோசமில்லை. தயிர் கொஞ்சம் புளித்திருந்தால் இரண்டு மேசைக்கரண்டி சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் பாயசத்து வாடை எட்டிப்பார்க்கும்.

பூண்டைக் கையாள ஒரு வழி. பல்லை ஒரு சிட்டிகை உப்போடு அம்மியிலோ இடிகல்லிலோ விழுதாக நசுக்கி, உடனே எலுமிச்சைச் சாற்றில் போட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். பூண்டை நசுக்கியதும் அதிலுள்ள ஒரு நொதி வேலைசெய்து காரத்தை உண்டாக்கும். அமிலம் அந்த நொதியை அடக்கும். நேராகத் தயிரில் நசுக்கிப் போட்டால் சாப்பாட்டு நேரத்துக்குள் பூண்டின் நெடி ஏறி, சாயங்காலம் வரை வாயில் நிற்கும். பூண்டு சேர்க்காத வீடென்றால் அரை டீஸ்பூன் வறுத்துப் பொடித்த சீரகம் போதும்.

விருந்து மதியம் ஒரு மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். காலை 10 மணிக்குத் தயிரைத் துணியில் கட்டி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். 12 மணிக்கு வெள்ளரியை நறுக்கி உப்பிடுங்கள். அந்த அரை மணியில் பூண்டையும் எலுமிச்சையையும் தயார் செய்து, வடித்த தயிரில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கடைந்து, பூண்டுச் சாறு, மிளகு, சர்க்கரை சேர்த்து மறுபடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். பரிமாறும் கிண்ணத்தையும் உள்ளே வைத்துக் குளிர வைத்தால் நல்லது. வெள்ளரியை அழுத்தி ஒற்றி எடுத்து அதையும் குளிர வைக்கவும். 12.45க்கு, எல்லோரும் கை கழுவும் சமயத்தில், வெள்ளரியைத் தயிரில் போட்டு அகலக் கரண்டியால் கீழிருந்து மேலாகப் புரட்டுங்கள். புதினாவைக் கையால் கிள்ளிக் கடைசியில் போடுங்கள். கத்தியால் பொடியாக அரிந்தால் சிறிது நேரத்தில் கறுத்துவிடும். தயிரும் வெள்ளரியும் தனித்தனியாக இருக்கும்வரை ஒரு பிரச்சினையும் இல்லை. ஆகவே எட்டுப் பேர் என்றாலும் எண்பது பேர் என்றாலும் கடைசி கால் மணி நேரத்துக்கு முன்னால் கலக்காதீர்கள். எண்பது பேர் பந்தி என்றால் பந்திக்குப் பந்தி தனித்தனியாகக் கலப்பதுதான் முறை.

நம் ஊர் ருசி வேண்டுமென்றால் பூண்டையும் எலுமிச்சையையும் விட்டுவிட்டு, பச்சை மிளகாய் இரண்டு, தேங்காய்த் துருவல் நான்கு மேசைக்கரண்டி, அரை டீஸ்பூன் கடுகு மூன்றையும் மிகக் குறைந்த தண்ணீரில் கொரகொரப்பாக அரைத்துத் தயிரில் கலக்கலாம். தேங்காய் நீரைப் பிடித்துக்கொள்ளும், சாலட்டுக்கு உடலும் கொடுக்கும். கடுகை நீண்ட நேரம் அரைத்தால் கசக்கும், ஆகவே கடைசியில் போட்டு ஒரு சுற்று மட்டும். பிறகு தேங்காய் எண்ணெயில் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, நன்றாக ஆறவிட்டு மேலே ஊற்றுங்கள். கொதிக்கும் தாளிப்பைக் குளிர்ந்த தயிரில் கொட்டினால் பட்ட இடத்தில் தயிர் திரிந்து திப்பி திப்பியாகிவிடும்.

கேரளத்தில் சத்யா எனப்படும் ஓணம் விருந்துக்கு வைக்கும் வெள்ளரிக்கா கிச்சடி இதற்கு நெருங்கிய உறவு. அங்கே காயைப் பச்சை மிளகாயோடு கொஞ்சம் நீரில் வேகவைத்து, நீரை வற்றவிட்டு, தேங்காயும் கடுகும் அரைத்த விழுதும் தயிரும் சேர்ப்பார்கள். நாம் உப்பால் செய்வதை அவர்கள் அடுப்பால் செய்கிறார்கள். சாம்பார் வெள்ளரி வாங்கிவிட்டீர்கள் என்றால் அதை அப்படிப் பயன்படுத்தலாம். மகாராஷ்டிரத்தில் கமங் காக்டி என்று ஒன்று. பொடியாகக் கொத்திய வெள்ளரியில் வறுத்த வேர்க்கடலைப் பொடியும் தேங்காயும் போட்டுத் தாளிப்பது. வேர்க்கடலைப் பொடி நீரை நன்றாக உறிஞ்சும். உங்களுக்கு வெள்ளரியை வடிக்க நேரமே இல்லாத ஒரு நாளில், தயிர் சாலட்டில் இரண்டு மேசைக்கரண்டி வேர்க்கடலைப் பொடி சேர்த்துப் பாருங்கள், ஓரளவு காப்பாற்றும். விருந்தில் வேர்க்கடலை ஒவ்வாதவர்கள் இருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இமயமலை அடிவாரத்தில் காட்டுக்கொடியாக விளைந்த வெள்ளரி மேற்கே போய்ச் சேர்ந்த ஊர்களிலெல்லாம் தயிரோடு கூடியிருக்கிறது. கிரேக்கர்களின் சட்சிக்கி நீங்கள் தேடும் பதத்துக்கு மிக அருகில் வருவது. அங்கே வெள்ளரியைத் துருவி, உப்பிட்டு, ஒட்டப் பிழிந்து, வடித்த தயிரில் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்ப்பார்கள். ரொட்டியால் தோண்டி எடுக்கும் அளவுக்குக் கெட்டி. பக்கத்திலேயே துருக்கியில் அதே பொருள்களை வைத்துச் செய்யும் ஜாஜிக், குளிர்ந்த தண்ணீர் சேர்த்து இளக்கியது. பல்கேரியாவின் தராத்தோர் இன்னும் ஒரு படி போய், வால்நட்டும் சதகுப்பையும் மிதக்கும் குளிர்ந்த சூப்பாகவே ஆகிவிடுகிறது. அங்கே தண்ணீர் குறையே இல்லை, வேண்டுமென்றே ஊற்றுவது. ஆகவே உங்களுக்கு எது வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துவிடுங்கள். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள என்றால் இவ்வளவு கெட்டி வேண்டாம். தயிரை அரை மணி நேரம் வடித்தால் போதும், சோற்றோடு கலந்து இறங்க வேண்டும் அல்லவா. தனியாகக் கிண்ணத்தில் வைத்துச் சாப்பிட, சப்பாத்திக்குள் சுருட்ட, வறுத்த மீனுக்குப் பக்கத்தில் வைக்க என்றால் நான் சொன்ன கெட்டிப் பதம்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஈரானியர்களின் மாஸ்த்-ஓ-கியார். வெள்ளரி, தயிர், உலர்ந்த புதினா, உடைத்த வால்நட், உலர் திராட்சை, மேலே காய்ந்த ரோஜா இதழ். திராட்சை இனிப்புக்காக மட்டும் அங்கே இல்லை. தயிரில் ஊறும்போது சுற்றியுள்ள நீரை அதுவும் கொஞ்சம் குடித்து உப்பிக்கொள்ளும், கடித்தால் சாறு தெறிக்கும். விருந்தென்று சொன்னதால் இதைச் சொல்கிறேன். உங்கள் எட்டுப் பேர் அளவுக்கு ஒரு கைப்பிடி திராட்சை, ஒரு கைப்பிடி வால்நட், நிழலில் காயவைத்து உள்ளங்கையில் நுணுக்கிய புதினா ஒரு டீஸ்பூன். வால்நட் விலை அதிகம் என்றால் முந்திரியை வறுத்து உடைத்துப் போடலாம், ருசி வேறாக இருக்கும், குறைவாக இருக்காது.

மேசையில் வைத்த பிறகு ஃபேன் காற்றில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். சித்திரை வெயில் என்றால் ஒரு மணி நேரம். மாலைக்குள் மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் கொஞ்சம் நீர் விட்டிருக்கும், எவ்வளவு வடித்தாலும் காயில் மிச்சம் இருந்துகொண்டுதான் இருக்கும். அதைத் திரும்பக் கெட்டியாக்க முயல வேண்டாம். குளிர்ந்த சோற்றைக் கையால் நன்றாக மசித்து, அந்த சாலட்டை நீரோடு சேர்த்து அதில் கொட்டி, கொஞ்சம் பால் விட்டுப் பிசைந்து, மோர் மிளகாயை வறுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்தது.